பட்டாம்பூச்சியின் இடது இறக்கை

எங்கள் கம்பெனியில் நான்கு மாதம் எனக்குக் குவாதலூப் கலெக்டர் என்று பெயர். வைத்தவர் முதலாளி. ஒரு டி-சர்ட் ஆர்டருக்காக அந்தத் தீவைப் பற்றி நான் படித்துத் தள்ளியதும், படித்ததை வருகிறவர் போகிறவர் காதிலெல்லாம் ஓதியதும்தான் காரணம். கேலி என்று தெரிந்தும் உள்ளுக்குள் எனக்குப் பெருமையாகவே இருந்தது. அந்தப் பெருமைதான் பிறகு என் காலை வாரியது.

நான் திருப்பூரில் மெர்ச்சண்டைசர். பிறந்தது தூத்துக்குடிப் பக்கம். இருபது வயதில் இங்கே செக்கிங் வேலைக்கு வந்து, டேபிள் டேபிளாக நகர்ந்து, இந்த நாற்காலிக்கு வந்து பதினெட்டு வருடமாகிறது. வெளிநாட்டுக்காரர் கேட்கிற பனியனை அவர் கேட்கிற நிறத்தில், கேட்கிற நாளில் கப்பலேற்றுவது என் பொறுப்பு. எத்தனையோ நாடுகளுக்கு அனுப்பியிருக்கிறேன். ஆனால் ஒரு நாடும் எனக்கு நாடாக இருந்ததில்லை. ஜெர்மனி என்றால் நீளக் கை, ஜப்பான் என்றால் ஒரு நூல்கூடத் தொங்கக் கூடாது, அவ்வளவுதான்.

குவாதலூப்பிலிருந்து வந்தது சின்ன ஆர்டர். மூவாயிரம் மஞ்சள் டி-சர்ட், எல்லாம் குழந்தைகள் அளவு. தீவின் பள்ளிக்கூடங்கள் எல்லாம் சேர்ந்து நடத்தும் விளையாட்டு விழாவில் பிள்ளைகள் போட்டுக்கொள்ள. முன்பக்கம் பச்சையில் தீவின் வரைபடம் மட்டும், எழுத்தெல்லாம் முதுகில். கேட்டவர் ஒரு பெண், என் வயது இருக்கும். அதுவரை சின்னதாக ஒரு துணிக்கடை வைத்திருந்தவர். அரசாங்கம் கொடுத்த முதல் ஆர்டர் இதுதான் என்று முதல் வீடியோ காலிலேயே சொன்னார். அவருடைய ஆங்கிலம் பிரெஞ்சில் ஊறியது, என்னுடையது பனியனில் ஊறியது. ஆனாலும் எங்களுக்குள் எல்லாம் புரிந்தது.

அந்த ஆர்டர் அவருக்கு ஏன் பெரிது என்பது புரிய எனக்குக் கொஞ்ச நாள் பிடித்தது. குவாதலூப் இருப்பது கரீபியன் கடலில், வாழையும் கரும்பும் விளைகிற வெயில் பூமியில். ஆனால் அது பிரான்ஸ். பிரான்ஸின் ஆட்சிக்கு உட்பட்டது என்றுகூட இல்லை, பிரான்ஸேதான். செலவழிப்பது யூரோ. பாரிஸ் நாடாளுமன்றத்துக்கு இவர்களும் ஆள் அனுப்புகிறார்கள். உள்ளூரில் மக்கள் ஓட்டுப்போட்டுத் தேர்ந்தெடுக்கும் சபைகள் உண்டு. அதற்கு மேலே பாரிஸ் அனுப்பி வைக்கிற அதிகாரி ஒருவர் உட்கார்ந்திருப்பார். நம் ஊர்க் கலெக்டரையும் கவர்னரையும் ஒன்றாகப் பிசைந்தது மாதிரி என்று நான் முதலாளிக்கு விளக்கியபோதுதான் அந்தப் பட்டப்பெயர் விழுந்தது.

பிரான்ஸ் என்றாலும், பிரான்ஸிலிருந்து விமானத்தில் போகவே எட்டு மணி நேரத்துக்கு மேலாகும். சோப்பு, செருப்பு, நோட்டுப் புத்தகம் என்று கடையில் இருக்கிற முக்கால்வாசிச் சாமான் அங்கிருந்துதான் கப்பலில் வருகிறது. வந்து இறங்கினால் கடல்வரி என்று ஒன்று வேறு. பாரிஸில் விற்பதைவிடத் தீவில் எல்லாமே விலை கூடுதல். விலைவாசிக்காகவே அங்கே ஊரே தெருவில் இறங்கியிருக்கிறதாம். "எங்கோ நெய்த சட்டையைப் பிரான்ஸ் வியாபாரி வாங்கி, பிறகு நாங்கள் அவரிடம் வாங்குகிறோம். நெய்தவரிடமே வாங்கிக் காட்டுகிறேன் என்று சபையில் எழுதிக் கொடுத்திருக்கிறேன்" என்றார் அந்தப் பெண். பழைய வியாபாரிகள் எல்லாரும் இவர் எப்போது வழுக்கி விழுவார் என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு அந்த இடத்தில் அவரைப் பிடித்துப்போயிற்று. நம் சரக்கை ஏற்றுகிற கப்பலும் பிரான்ஸைத் தொட்டுத்தான் அங்கே போகும் என்பதை மட்டும் நான் அன்றைக்குச் சொல்லவில்லை.

அவருடைய குடும்பப் பெயரின் வாலில் ஒரு 'சாமி' ஒட்டிக்கொண்டிருந்தது. பல தலைமுறைக்கு முன் கரும்புத் தோட்டத்துக்குக் காரைக்கால் பக்கமிருந்து கூட்டிப்போன கூலிகளின் வழிவந்தவர். ஆபீஸில் இது தெரிந்ததும் ஒரே கல்யாணக் களை. முதலாளி வீடியோவில் எட்டிப் பார்த்து, "நல்லாருக்கறீங்களா சாமி" என்றார். அந்தப் பெண் சிரித்தபடி பிரெஞ்சில் ஏதோ சொன்னார். ஒரு தமிழ் வார்த்தை வரும் என்று எல்லாரும் காத்திருந்தோம், வரவில்லை. மற்றவர்கள் ஏமாந்ததைப் பார்த்து எனக்குத்தான் சிரிப்பு வந்தது.

தீவைப் பார்த்தால் இறக்கை விரித்த பட்டாம்பூச்சி. நடுவில் ஒரு உப்பாறு பிரிக்கிறது, பாலம் சேர்க்கிறது. இடது இறக்கை மலை, காடு, மழை, வாழைத் தோட்டம். அதன் தெற்கில் ஒரு எரிமலை. வலது இறக்கை தட்டை, கரும்பு, கடற்கரை, ஹோட்டல்கள். வியாபாரமும் விமான நிலையமும் இரண்டு இறக்கையும் சேர்கிற இடத்தைச் சுற்றி. அரசாங்கம் மட்டும் எல்லாவற்றையும் விட்டுவிட்டு, இடது இறக்கையின் ஓரத்தில், எரிமலையின் காலடியில் போய் உட்கார்ந்திருக்கிறது. மலை இருக்கும் பக்கத்துக்குத் தாழ்நிலம் என்று பெயர். இரண்டில் சின்னதாக இருக்கும் பக்கத்துக்குப் பெருநிலம் என்று பெயர். இதையெல்லாம் கட்டிங் மாஸ்டர் வரைக்கும் பிடித்து வைத்துச் சொன்னேன். அவர் பாவம், "ஆமாங்க, ஆமாங்க" என்று மஞ்சள் துணியை விரித்துக்கொண்டே கேட்டார்.

எங்கள் ஊரில் பனியனைத் தைத்து முடித்துவிட்டு அச்சடிப்பதில்லை. துணியை வெட்டியதும் முன்பாகத்தை மட்டும் கட்டுக் கட்டாகப் பிரிண்டிங்குக்கு அனுப்புவோம்; அச்சு ஏறி வந்த பிறகுதான் முதுகும் கையும் சேர்த்துத் தைப்பார்கள். எங்களுக்கு அச்சடிப்பவர் திருமுருகன்பூண்டி ரோட்டில், தன்னுடைய தோட்டத்திலேயே யூனிட் போட்டிருக்கும் ஒரு அண்ணன். மாடு கட்டியிருந்த சாளைக் கொட்டகையில் இப்போது பிரிண்டிங் டேபிள் ஓடுகிறது. சேம்பிள் சரியாகத்தான் அடித்துக் கொடுத்தார். குவாதலூப் பெண் அதைப் பார்த்து ஒப்புக்கொண்டார். மொத்தச் சரக்குக்குப் புதிதாக ஸ்கிரீன், அதாவது அச்சடிக்கிற வலைச் சட்டம், போட்டபோதுதான் தப்பு நடந்தது.

படத்தைக் கண்ணாடி மாதிரியான ஒரு ஃபிலிமில் எடுத்து, அதை ஸ்கிரீன் மேல் வைத்து வெளிச்சம் காட்டுவார்கள், படம் ஸ்கிரீனில் பதிந்துவிடும். ஃபிலிமுக்கு இரண்டு பக்கமும் ஒன்று போலத்தான் இருக்கும். எது நேர்ப்பக்கம் என்று எங்கள் ஊரில் எல்லாரும் எழுத்தைப் பார்த்துத்தான் கண்டுபிடிப்பது. ஆங்கிலம் படிக்கத் தெரியாதவர்கூட எழுத்து எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று ஒரு பார்வையில் சொல்லிவிடுவார். இந்தப் படத்தில் எழுத்தே இல்லை. மலைக்கு ஒரு சின்ன முக்கோணம், அவ்வளவுதான். ஸ்கிரீன் போட்டவர் ஃபிலிமைப் புரட்டி வைத்துவிட்டார்.

அதைத் தடுத்திருக்க வேண்டியவள் நான். அடித்த முதல் பீஸை அண்ணன் எனக்குக் கொடுத்தனுப்பினார். பச்சையின் நிறம் பார்த்தேன். இழுத்து, விரிசல் விடுகிறதா பார்த்தேன். வெள்ளைத் துணியால் தேய்த்து, சாயம் ஒட்டுகிறதா பார்த்தேன். கழுத்திலிருந்து அச்சு எத்தனை அங்குலம் இறங்கியிருக்கிறது என்று டேப் வைத்தேன். சேம்பிளை நாலாக மடித்து, மேலே தெரிந்த பச்சையை இதன் பச்சையோடு ஒட்டிவைத்துப் பார்த்து, ஓரத்தில் கையெழுத்துப் போட்டேன். குவாதலூப்பின் தலைநகரம் எந்த இறக்கையில் இருக்கிறது என்று திருப்பூருக்கே பாடம் எடுத்தவள், அந்த இறக்கை எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்க்கவில்லை.

நான்காம் நாள் மூவாயிரம் முன்பாகமும் அச்சாகி வந்து இறங்கிவிட்டது. அன்று சாயங்காலம் நாலரைக்கு வழக்கமான வீடியோ கால். அங்கே காலை ஏழு மணி. அந்தப் பெண் காபி குடித்தபடி பேசினார். விழாவுக்கு அம்மாவைக் கூட்டிப் போகப் போவதாகச் சொன்னார். அம்மா வீடு எரிமலையின் அடியில், அரசு அலுவலகம் இருக்கும் ஊருக்கு மேலே. அம்மா இளம்பெண்ணாக இருந்தபோது எரிமலை உறும ஆரம்பித்து, அந்தப் பக்கத்து ஜனங்களையெல்லாம் பக்கத்து இறக்கைக்கு ஓட்டிவிட்டார்களாம். மாதக்கணக்கில் ஒரு பள்ளிக்கூடத்து வகுப்பறையில், யார் யாரோடோ படுத்து எழுந்திருக்கிறார்கள். கடைசியில் எரிமலை பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. திரும்பி வந்த அம்மா அதற்குப் பிறகு அந்த மலையடியை விட்டு அசையவே இல்லை. வலது இறக்கையில் பாலத்துக்குப் பக்கத்தில் மகள் வீடு கட்டிக் கூப்பிட்டும் வரவில்லை.

"எனக்கு உங்கள் அம்மா வீடு தெரியுமே, காட்டட்டுமா?" என்றேன். என் கொழுப்பு அப்படி. மேஜையில் கிடந்த அச்சுத் துணியை எடுத்து விரித்து, பழக்கத்தில் இடது இறக்கையின் கீழ்ப்பக்கம் விரலை வைத்தேன். அங்கே மலை இல்லை. முக்கோணம் வலது பக்கம் இருந்தது.

சுவரில் நானே ஒட்டி வைத்திருந்த வரைபடத்தைப் பார்த்தேன். துணியைப் பார்த்தேன். துணியைக் குப்புறக் கவிழ்த்தேன். "என்ன ஆயிற்று?" என்றார் அவர். "ஒன்றுமில்லை, எல்லாம் நன்றாகப் போகிறது" என்று சொல்லி வீடியோ காலை முடித்தேன். பதினெட்டு வருடத்தில் வாங்குபவர்களிடம் பொய் சொல்லியதில்லை என்று சொல்ல மாட்டேன். சாயப்பட்டறையில் மழை, ரோட்டில் மறியல் என்று நிறையச் சொல்லியிருக்கிறேன். அவையெல்லாம் என் நாக்கில் ஒட்டியதே இல்லை. இது ஒட்டியது. எனக்கு வெட்கமாக இருந்தது.

வண்டியை எடுத்துக்கொண்டு பிரிண்டிங் அண்ணனிடம் போனேன். துணியை நிமிர்த்தியும் புரட்டியும் பார்த்தார்.

"ஏனுங்க மேடம், பட்டாம்பூச்சிக்கு ஏதுங்க இடது வலது?"

"பூச்சி இல்லைங்கண்ணா, ஊரு. ஜனம் குடியிருக்கு."

அவர் ஃபிலிமை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். "ஒரே ஒரு எழுத்து இருந்திருந்தா நம்மாளு கண்ண மூடிட்டுச் செரியா வெச்சிருப்பானுங்க" என்றார். பிறகு, "நீங்க கையெழுத்துப் போட்டீங்கன்னு நானும் பாக்குலீங்க. தப்பு என்னுதுந்தானுங்க" என்றார். அவர் சண்டை போட்டிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். சண்டைக்கென்று வழியெல்லாம் நாலு வசனம் தயார் செய்துகொண்டு போயிருந்தேன்.

மறுநாள் காலை முதலாளியிடம் சொல்ல வேண்டும். அவர் கெட்டவர் இல்லை, ஆனால் கப்பல் தேதி என்று வந்துவிட்டால் அவருக்குக் காது கேட்காது. என்ன சொல்வார் என்பதும் எனக்குத் தெரியும். அன்று இரவு வீடு திரும்புகிற வழியில், திருப்பூர் ராயபுரத்தில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்து ஸ்டேஷனரிக் கடையில், பள்ளிப் பிள்ளைகள் வாங்குகிற தமிழ்நாடு வரைபடம் ஒன்று வாங்கினேன். ஊர்ப் பெயர் எதுவும் இல்லாத, வெறும் எல்லைக்கோடு மட்டும் போட்ட தாள்.

நான் நினைத்தபடியே சொன்னார். "சேம்பிளுக்கு அவிய ஒத்துக்கிட்டாங்க. நெறம் செரி, அளவு செரி. கொழந்தைக போட்டு ஓடறதுக்குத்தான அம்மிணி? யாரு போயி மலை எந்தப் பக்கம்னு பாக்கப் போறாங்க?"

அவருடைய அறையின் கண்ணாடிக் கதவில் வெளி வெயில் அடித்துக்கொண்டிருந்தது. வரைபடத்தைப் புரட்டி, கோடு மறுபக்கம் தெரிகிற மாதிரி அதில் ஒட்டினேன்.

"திருப்பூரு எங்கீங்க இருக்கு? விரல வச்சுக் காட்டுங்க."

"இதென்ன பரிச்சையா?" என்று எழுந்து வந்தார். விரலைத் தூக்கியவர் கொஞ்சம் தயங்கினார். அப்புறம் வழக்கப்படி இடது ஓரத்தில், நடுவாக வைத்தார்.

"அது நாகப்பட்டினம்ங்க" என்றேன். "இன்னும் கொஞ்சம் தள்ளினா கடல்."

அவர் விரலை எடுக்கவில்லை. முகத்தைக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தார். வலது பக்கம் திரும்பி, தான் பிறந்த காங்கேயம் பக்கத்தைத் தேடினார் என்று நினைக்கிறேன். தன்னுடைய ஊரைத் தேடுகிற மனிதருக்கு முகம் எப்படி ஆகும் என்று அன்றைக்குப் பார்த்தேன்.

"இப்பிடி ஒரு பனியனப் போட்டுட்டு நம்மூட்டுக் கொழந்த நின்னா நல்லாவா இருக்கும்" என்றார், தனக்குத்தானே சொல்வது போல. பிறகு என்னைப் பார்த்து, "கலெக்டரம்மா, கையெழுத்துப் போட்டது நீங்கதான?"

"ஆமாங்க."

"அப்ப அவியளுக்குச் சொல்றதும் நீங்களே சொல்லிப்போடுங்க" என்றுவிட்டு, புதுத் துணிக்கு நூல் கேட்டுப் போன் போட ஆரம்பித்தார்.

அன்று நாலரை மணிக்காகக் காத்திருந்தது மாதிரி எதற்கும் நான் காத்திருந்ததில்லை. சுற்றி வளைக்காமல் சொன்னேன். படம் இடம் வலமாகி விட்டது, பார்த்து ஒப்புக்கொண்டது நான், நேற்றே தெரிந்தும் உங்களிடம் மறைத்தேன், முன்பாகம் மூவாயிரமும் புதிதாகச் செய்கிறோம், கப்பல் ஒரு வாரம் தள்ளிப்போகும். துணியை நிமிர்த்திக் காட்டவும் செய்தேன். அவர் காபிக் கோப்பையை வைத்துவிட்டார்.

"ஒரு வாரம் தள்ளினால் விழாவுக்கு வந்து சேருமா?"

"கடல் ஒழுங்காக இருந்தால் மூன்று நாள் முன்னால் வரும்."

"இது புயல் மாதம் இல்லை" என்றார். "மூன்று நாளில் கடல்வரி கட்டி வெளியே எடுத்தாக வேண்டும். வராவிட்டால் இனி அந்தச் சபையின் வாசற்படியை நான் மிதிக்க முடியாது. தெரியும் அல்லவா?" தெரியும் என்றேன். அவர் கேமராவுக்குக் கிட்டே வந்து துணியைப் பார்த்தார். "அம்மாவிடம் சொன்னால், எரிமலை போதாதென்று இப்போது சட்டைக்காரர்களும் என்னை அந்தப் பக்கத்துக்கு விரட்டுகிறார்களா என்று கேட்பார்" என்றார். சிரிக்கத்தான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அடுத்த பன்னிரண்டு நாள் எப்படிப் போயிற்று என்று கேட்டால், மஞ்சளாகப் போயிற்று என்பேன். முதுகும் கையும் ஏற்கெனவே வெட்டியாகிவிட்டன. புதிதாகச் சாயமேற்றும் முன்பாகத்துத் துணி அந்த மஞ்சளோடு அப்படியே ஒத்துப்போக வேண்டும். முதல் சாயம் ஒரு சொட்டுச் சிவப்புத் தூக்கலாக வந்தது, திருப்பி அனுப்பினேன். இரண்டாவது சேர்ந்தது. பிரிண்டிங் அண்ணன் ஃபிலிமின் மூலையில், அச்சில் விழாத இடத்தில், பேனாவால் 'அ' என்று எழுதி எனக்குப் போட்டோ அனுப்பினார். இப்போதும் அவர் யூனிட்டில் எழுத்தில்லாத படம் எது வந்தாலும் மூலையில் ஒரு 'அ' இருக்கும். நானும் இனி சேம்பிளை மடித்து வைத்துப் பார்ப்பதில்லை. பழைய முன்பாகங்களை யாருக்கும் விற்க வேண்டாம் என்று கேட்டேன். முதலாளி துண்டு துண்டாக வெட்டி மெஷின் துடைக்கப் போட்டுவிட்டார். ஓவர்லாக் தையல் டேபிளில் ரொம்ப நாள் பாதி இறக்கைகள் எண்ணெய் படிந்து கிடந்தன.

சரக்கு தூத்துக்குடியில் கப்பலேறிய அன்றிலிருந்து நான் அதன் பின்னாலேயே போனேன். கொழும்பு, பிரான்ஸ், அங்கே கப்பல் மாற்றம், பிறகு அட்லாண்டிக். கம்ப்யூட்டரில் ஒரு சின்னப் புள்ளியாக அது நகர்வதைச் சாப்பாட்டு நேரத்திலெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தேன். பிரான்ஸில் அது கூடுதலாக இரண்டு நாள் நின்றுவிட்டது. சரக்கு தீவில் இறங்கியபோது விழாவுக்கு ஒரே ஒரு நாள்தான் இருந்தது. அதற்குப் பிறகு அந்தப் பெண்ணிடமிருந்து பேச்சு மூச்சில்லை. விழா நாளன்றும் இல்லை. நானாகக் கேட்கத் தைரியம் வரவில்லை.

அதற்கு மறுநாள் காலை ஆபீஸுக்குள் நுழைகிறபோது கைபேசியில் ஒரு படம் வந்திருந்தது. பச்சைப் புல் மைதானம். அவர் மஞ்சள் பனியனைப் போட்டுக்கொண்டு கையை நீட்டித் தானே எடுத்த படம். பெரிய அளவில் ஒன்று தனக்கும் வேண்டும் என்று முன்பே கேட்டு வாங்கியிருந்தார். பக்கத்தில் பூப்போட்ட கவுன் போட்ட வயதான அம்மா, மகளின் நெஞ்சில் இருந்த முக்கோணத்தின் அடியில் சுட்டுவிரலை அழுத்திக்கொண்டு சிரிக்கிறார். அந்த முக்கோணம் வலது பக்கத்தில் இருந்தது.

மூவாயிரத்தையும் நானே ஒவ்வொரு கட்டாகப் பிரித்துப் பார்த்தேனே என்று வாய்விட்டே சொன்னேன். வாசலிலேயே நின்று படத்தைப் பெரிதாக்கினேன். அவர்களுக்குப் பின்னால் குழந்தைகள் முதுகைக் காட்டியபடி ஓடிக்கொண்டிருந்தார்கள். முதுகில் இருந்த எழுத்துகள் எல்லாம் வலமிருந்து இடமாகத் திரும்பிக் கிடந்தன. ஒரு குழந்தை இல்லை, எல்லாக் குழந்தையும். கண்ணாடியில் தெரிவது போல இடம் வலம் மாற்றிக் காட்டும் முன்பக்க கேமராவில் எடுத்த படம். திரும்பியிருந்தது பனியன் அல்ல, படம்.

கை கழுவும் இடத்துக்குப் போய்க் கைபேசியைக் கண்ணாடிக்குக் காட்டினேன். எழுத்துகள் நேராகின. மலை இடது இறக்கைக்கு வந்தது. அந்த அம்மா தன் வீட்டில்தான் இருந்தார்.